வளையத்தைக் கழற்றியதும் துணி சுருங்குகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். இழை எண்ணாமல் மனம்போன போக்கில் தைக்கும் ஃப்ரீஸ்டைல் எம்பிராய்டரியைத் தீபாவளியிலிருந்து பழகுகிறேன். ஊர் ஈரோடு. இப்போது கையில் இருப்பது ஒரு கடல் அலை: காடா துணி, 8 அங்குல மர வளையம், ஆறு இழை பருத்தி நூல். நுரை வர வேண்டிய இடத்தில் ஃப்ரெஞ்ச் முடிச்சுகளை (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் குட்டி முடிச்சு) நெருக்கிப் போட்டு, ஓரத்தில் சின்னச் சின்னத் தையலாகத் தூவியிருக்கிறேன். வளையத்தில் இருக்கும்வரை அருமையாக இருக்கிறது. கழற்றியதும் முடிச்சுக் கூட்டத்தைச் சுற்றித் துணி இழுத்துக்கொண்டு கதிர் கதிராகச் சுருக்கம் விழுகிறது. சங்கிலித் தையல் போட்ட பக்கம் மட்டும் சமமாக நிற்கிறது.

துணியை முன்பே அலசிக் காயவைத்துத்தான் எடுத்தேன். உள்வளையத்தில் பருத்தி நாடா சுற்றிப் பார்த்தேன். ஆறு இழை நூலில் மூன்று இழை பிரித்துத் தைத்துக்கொண்டிருந்ததை இரண்டாகக் குறைத்தேன். பின்பக்கம் நூலைத் தாவவிடாமல் அங்கங்கே முடித்து வெட்டினேன். அப்புறம் தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டு, ஈரத்துணி வைத்து இஸ்திரி போட்டேன். மறுநாளே சுருக்கம் திரும்பிவிட்டது. அந்த முடிச்சுகளின் மேடுபள்ளம்தான் அலைக்கே உயிர். அதைக் குறைக்க மனமில்லை.

முடிச்சுகளை இதே நெருக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்னால் மல் துணி சேர்த்துத் தைத்தால் சுருக்கம் நிற்குமா?