ஏர்ல்ஹாம் மாளிகைக்குள் போயிருக்கிறீர்களா?

நண்பர்களே, ஒரு உதவி. இங்கிலாந்தின் நாரிச் நகரில் உள்ள ஏர்ல்ஹாம் மாளிகையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். 1786இல் கர்னி குடும்பம் குடிவந்த வீடு. குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், வங்கிக்காரர்கள், 1896இல் பார்க்லேஸ் வங்கி உருவானபோது அவர்கள் வங்கியும் அதில் சேர்ந்தது. அவ்வளவு பணம் இருந்தும் பேக்கன் குடும்பத்திடம் தலைமுறைகளாக வாடகைக்கே இருந்திருக்கிறார்கள்! பின்னாளில் சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன எலிசபெத் ஃப்ரை இந்த வீட்டுப் பெண்தான். 1798இல், எளிய உடையை வலியுறுத்தும் குவேக்கர் கூட்டத்துக்கு, சிவப்பு நாடா கோத்த ஊதா பூட்ஸோடு போனாராம்.

இப்போது அங்கே ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் சட்டத்துறை. அங்கே படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்: வெளியாட்களை உள்ளே விடுவார்களா? கர்னி காலத்து அறைகள் எவை? அப்புறம், படம் இருந்தால் ரொம்ப நல்லது.