‘தேனீப்பொறி’யா, ‘குடிபுகு பெட்டி’யா? – ஒரு கலைச்சொல் விவாதம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

இடம் தேடும் தேனீக் குலம், அதாவது ஒரு ராணியோடு சேர்ந்து வாழும் தேனீக் கூட்டம், தானே வந்து குடியேறுவதற்காகக் கட்டிவைக்கும் காலிப் பெட்டி ஒன்று உண்டு. தேனீ வளர்ப்புச் சொற்பட்டியலில், ஆங்கிலத்தில் ‘ஸ்வார்ம் ட்ராப்’ என்றும் ‘பெய்ட் ஹைவ்’ என்றும் இரு பெயர்களால் வழங்கும் இந்தக் கருவிக்கு இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்துள்ளன: தேனீப்பொறி, திரள்பொறி, இரைக்கூடு, ஈர்ப்புப்பெட்டி. நான்கும் ஓசையில் குறையில்லாதவை. இலக்கணத்திலும் பிழை சொல்ல முடியாது. ஆயினும், அந்தக் கருவியை வீட்டிலேயே செய்து மரத்தில் கட்டப்போகும் ஒருவர் பெயரை மட்டும் கேட்டு அதன் வேலையை ஊகிக்க முயன்றால், நான்கில் எதுவும் அவருக்குச் சரியாக வழிகாட்டாது என்பதே என் தயக்கத்துக்குக் காரணம்.

முதலில் ‘பொறி’யை எடுத்துக்கொள்வோம். நம் உழவர்களுக்கு இச்சொல் புதிதன்று. விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, பழ ஈப் பொறி ஆகியவை வேளாண் துறையின் துண்டறிக்கைகள் வழியாகச் சிற்றூர்கள் வரை சென்று சேர்ந்துவிட்ட சொற்கள். இவையெல்லாம் பயிரைக் கெடுக்கும் பூச்சியை வரவழைத்துக் கொல்பவை, அல்லது அதன் நடமாட்டத்தைக் கணக்கெடுப்பவை. அந்த வரிசையில் ‘தேனீப்பொறி’ வந்து நின்றால், தேனீயும் ஒழிக்கவேண்டிய பூச்சிதான் போலும் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். மேலும், எலிப்பொறியானாலும் விளக்குப்பொறியானாலும் உள்ளே போனது வெளியே வர இயலாது என்பதே பொறியின் தன்மை. நாம் பேசும் பெட்டிக்கோ அடைக்கும் கதவும் இல்லை, கண்ணியும் இல்லை, ஒட்டும் பசையும் இல்லை. நுழைந்த வாசல் வழியாகவே தேனீ எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். வந்த குலத்துக்கு இடம் பிடிக்காவிட்டால் மறுநாளே கிளம்பியும் போய்விடும்.

ஒரு குலம் பெருகி இரண்டாகப் பிரியும்போது நடப்பதை ஒருமுறை நினைவூட்டிக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். பழைய ராணி, பணித்தேனீக்களில் பெரும்பகுதியுடன் கூட்டைவிட்டு வெளியேறி அருகிலுள்ள கிளையில் தங்க, குலம் அங்கே கொத்தாகத் தொங்குகிறது. அந்தக் கொத்திலிருந்து சில நூறு தேனீக்கள் மட்டும் நாலாபுறமும் பறந்து பொந்துகளைத் தேடுகின்றன. இவற்றை இப்போதைக்கு வேவுத்தேனீக்கள் என்கிறேன். அவை திரும்பி வந்து, கொத்தின்மேல் நடனமாடித் தாம் கண்ட இடத்தை அறிவிக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மியூனிக் நகரில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டவர் இதைக் கண்டறிந்த விதம் சுவையானது. கொத்தின்மேல் ஆடிக்கொண்டிருந்த தேனீக்களின் உடலில் மகரந்தத்தைக் காணோம். கரியும் செங்கல்தூளும் மாவும் படிந்திருந்தன. இவை பூவுக்குப் போய் வந்தவை அல்ல, புகைபோக்கிகளிலும் இடிந்த சுவர்களிலும் இடம் பார்க்கப் போனவை என்று அவர் உய்த்துணர்ந்தார். வெவ்வேறு இடங்களுக்காக ஆடிய தேனீக்கள் மெல்ல மெல்ல ஓரிடத்துக்காக மட்டுமே ஆடத் தொடங்கிய பிறகு, கொத்து முழுவதும் எழுந்து அவ்விடத்துக்குப் பறக்கிறது. இதில் மனிதருக்கு உள்ள பங்கு, பார்வையிடத் தக்க காலி இடம் ஒன்றை முன்கூட்டியே வைத்திருப்பது மட்டுமே. நாம் தேனீயைப் பிடிப்பதில்லை. தேனீக்கள்தாம் வீடு பிடிக்கின்றன.

பெட்டியின் அளவுகளைத் தீர்மானித்தவையும் அவையே. நியூயார்க் மாநிலத்து இத்தாகாவில் தேனீ ஆய்வாளர்களான தாமஸ் சீலியும் ரோஜர் மோர்ஸும் மரப்பொந்துகளில் இருந்த கூடுகளை அளந்தார்கள். பிறகு ஏதேனும் ஒரு கூறில் மட்டும் வேறுபடும் பெட்டிகளைக் கட்டி வைத்து, எதில் குலம் குடியேறுகிறது என்று பார்த்தார்கள். 1978இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகளைத்தான் இன்றும் இப்பெட்டியைச் செய்பவர்கள் பின்பற்றுகிறார்கள். ஐரோப்பியத் தேனீ 10 லிட்டர் பெட்டியையும் 100 லிட்டர் பெட்டியையும் விட்டு 40 லிட்டர் பெட்டியை நாடியது. 75 சதுர செ.மீ. வாசலை விட்டு 12.5 சதுர செ.மீ. வாசலை நாடியது, 1 மீட்டர் உயரத்தை விட்டு 5 மீட்டர் உயரத்தை நாடியது. வாசல் அடிப்பக்கம் அமைந்து தெற்கு நோக்கி இருப்பதையும், உள்ளே பழைய அடை (தேனீக்கள் கட்டிய மெழுகு அடை) இருப்பதையும் விரும்பியது. பெட்டியின் வடிவத்தையோ வாசலின் வடிவத்தையோ அது பொருட்படுத்தவில்லை. ஐரோப்பியத் தேனீயை வளர்க்கும் லாங்ஸ்ட்ராத் பெட்டியின் ஆழமான அறை ஏறக்குறைய 42 லிட்டர் கொள்ளும் என்பதால், பழைய அறை ஒன்றுக்கு அடிப்பலகையும் மழை இறங்காத மூடியும் பொருத்தி, அடியை ஒட்டி 4 செ.மீ. விட்டத்தில் ஒரு துளை போட்டு, பறவை நுழையாதபடி துளையின் குறுக்கே ஓர் ஆணியும் அடித்துவிட்டால் பெட்டி ஆயிற்று.

இருட்டுப் பொந்துக்குள் ஒரு தேனீ 40 லிட்டரை எவ்வாறு அளக்கிறது என்ற கேள்வியையும் சீலி விட்டுவைக்கவில்லை. மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால், மரங்கள் அரிதான ஆப்பிள்டோர் தீவில், சுவர் சுழலக்கூடிய உருளைப்பெட்டி ஒன்றை வைத்தார். உள்ளே சுற்றி நடக்கும் வேவுத்தேனீ கடக்கவேண்டிய தூரத்தை, சுவரைச் சுழற்றிக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார். நடை கூடியபோது அதே பெட்டி தேனீக்குப் பெரிதாகத் தோன்றியது. இவ்வளவு நுணுகிப் பார்த்து முடிவெடுக்கும் ஓர் உயிரைப் பற்றிப் ‘பொறியில் சிக்கியது’ என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை.

‘இரைக்கூடு’ என்ற சொல்லால் நேரடியான தீங்கே உண்டு. அதைப் படிப்பவர் உள்ளே தேனோ சர்க்கரைப் பாகோ வைப்பார். பாகுக்கு எறும்பும், திருட வரும் பிற கூட்டுத் தேனீக்களும் வருமே தவிர, குடியிருக்க எந்தக் குலமும் வராது. உள்ளே வைக்கத்தக்கவை பழைய அடை ஒன்று, சுவரில் தேய்த்த தேன்மெழுகு, சில துளி எலுமிச்சைப்புல் எண்ணெய் ஆகியவையே. பணித்தேனீயின் வயிற்று நுனியில் உள்ள நசோனோவ் சுரப்பி வெளியிடும் மணத்தில் சிட்ராலும் ஜெரானியோலும் உண்டு. எலுமிச்சைப்புல் எண்ணெயில் சிட்ரால் மிகுதி. ஆகவே அந்த எண்ணெய் உணவின் மணத்தைத் தருவதன்று. வழி தவறிய தோழியரை இங்கே வருமாறு தேனீக்கள் அழைக்கும் மணத்தை ஒத்தது. இந்த அளவில் ‘ஈர்ப்புப்பெட்டி’ உண்மைக்குச் சற்று அருகில் வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மணம் வேவுத்தேனீயை வாசல்வரைதான் கொண்டுவரும். உள்ளே கொள்ளளவு பொருந்தாவிட்டால் எத்தனை துளி ஊற்றினாலும் பயனில்லை. பெயரில் ஈர்ப்பை வைத்தால் செய்பவரின் கவனம் முழுவதும் எண்ணெய்ப் புட்டியின்மேல் போய்விடும். பழைய அடையிலும் எச்சரிக்கை வேண்டும். காவலுக்குத் தேனீ இல்லாத பெட்டியில் அடைகளை நிறைத்து வைத்தால் மெழுகு அந்துப்பூச்சிதான் குடியேறும். நோய்ப்பட்ட குலத்தின் அடையை அறவே தொடக்கூடாது. 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் நோய் தென்னிந்தியாவின் பெட்டிகளை வெறுமையாக்கியதை குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கத்து வளர்ப்பாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

‘திரள்பொறி’யில் பொறியைத் தவிர்த்தாலும் ‘திரள்’ நிற்கிறது. பிரிந்து செல்லும் குலத்தை மட்டும் அது குறிக்குமானால் நம் நாட்டு நிலைக்குப் போதாது. பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ, குலம் பிரிவதோடு நில்லாமல், உணவு குறைந்தாலோ எறும்பும் அந்துப்பூச்சியும் தொல்லை கொடுத்தாலோ கூட்டை அப்படியே விட்டுவிட்டு மொத்தமாக வெளியேறும் இயல்புடையது. அவ்வாறு வெளியேறிய குலமும் நம் காலிப் பெட்டிக்கு வரலாம். ‘தேனீ’ என்று பொதுவாகச் சொல்வதும் மிகை. திறந்தவெளியில் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் எந்தப் பெட்டிக்குள்ளும் வருவதில்லை.

எனவே என் பரிந்துரை ‘குடிபுகு பெட்டி’. குடிபுகுதல் நாம் அன்றாடம் சொல்லும் வினை. செயல் தேனீயினுடையது என்பதும் அதில் தானாகவே அடங்கிவிடுகிறது. ஆடுகளம், விளைநிலம் என்பவற்றில் வினைத்தொகையின் பின்மொழி இடத்தைக் குறிப்பதுபோல இங்கும் பெட்டி இடத்தைக் குறிக்கும். வினைத்தொகை ஆதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘குடிபுகுப் பெட்டி’ என்று எழுதுவது பிழை.

அன்புடன்.

மறுமொழி:

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் மடலில் பெரும்பகுதியை ஏற்கிறேன். மூன்று ஐயங்களை மட்டும் முன்வைக்கிறேன்.

முதலாவது, வளர்ப்பதற்காக அல்லாமல் தடுப்பதற்காகவும் இதே கருவி வைக்கப்படுகிறது. 1990 அக்டோபரில் டெக்சஸ் மாநிலத்து ஹிடால்கோ அருகே, தெற்கிலிருந்து பரவிவந்த, மூர்க்கமாகக் கொட்டும் ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீயின் முதல் குலம் அமெரிக்காவுக்குள் நுழைந்தது தெரியவந்ததே, கண்காணிப்புக்காக வரிசையாக வைத்திருந்த இத்தகைய பொறி ஒன்றில்தான். அக்குலம் அழிக்கப்பட்டது. குடிபுகுந்ததைக் கொல்லும் பெட்டிக்குக் குடிபுகு பெட்டி என்று பெயரிடுவது பொருந்துமா?

இரண்டாவது, தேன்பெட்டி எல்லாமே தேனீ குடியிருக்கும் பெட்டிதானே. இந்தியத் தேனீயை வளர்க்கும் நியூட்டன் பெட்டியிலிருந்து இதை எந்த அடையாளத்தால் பிரிப்பது?

மூன்றாவது, பல இடங்களில் மண்பானையைத்தான் கட்டுகிறார்கள். பிரேசிலில் கொட்டாத தேனீக்களுக்காகக் கறுப்பு உறை சுற்றிய பிளாஸ்டிக் புட்டிகளை வைக்கிறார்கள். அவ்வகையைச் சேர்ந்த நம் கொசுத்தேனீக்கும் அது உதவக்கூடும். பானையையும் புட்டியையும் பெட்டி என்பதா?

வணக்கத்துடன்.

மறுமொழி:

அன்புள்ள அம்மா, தங்கள் முதல் ஐயம் என் மடலில் இருந்த ஒரு வெற்றிடத்தைக் காட்டியது. ஹிடால்கோவில் வைத்தது பொறிதான். அதைப் பொறி என்றே சொல்வோம். துறைமுகங்களிலும் எல்லைகளிலும் அயல்தேனீயைக் கண்டுபிடிக்க வைப்பதற்குக் ‘கண்காணிப்புப் பொறி’ எனத் தனிப்பதிவு தரலாம். கருவியின் கட்டுமானம் ஒன்றே ஆயினும் நோக்கம் வேறாகும்போது தமிழில் பெயரும் வேறாவதில் இடரில்லை. விளக்குப்பொறிகளின் வரிசையில் இது இயல்பாகவும் பொருந்தும்.

இரண்டாவது ஐயத்துக்கு என் விடை ‘குடியிருத்தல்’ வேறு, ‘குடிபுகுதல்’ வேறு என்பதுதான். குடிபுகுதல் தொடக்கத்தை மட்டும் குறிக்கிறது. இப்பெட்டியின் பணியும் அதனோடு முடிகிறது. குலம் வந்து தங்கி, மகரந்தக் கூடையோடு தேனீக்கள் உள்ளே போகத் தொடங்கிய பிறகு, ஓர் இரவில் வாசலை அடைத்து இறக்கி, வளர்ப்புப் பெட்டிக்கு மாற்றவேண்டும். உள்ளே அடை கட்டுவதற்கான மரச்சட்டங்கள் இருந்தால் அடைகளை அப்படியே தூக்கி வைக்கலாம். வெறும் பெட்டியானால் புது அடைகளை அறுத்து, வாழைநாரால் சட்டங்களில் கட்டவேண்டியிருக்கும்; இளமெழுகு கையிலேயே நொறுங்கும் என்பதால் சட்டம் வைத்துக் கட்டுவதே நல்லது. இறக்கும் வேலையை நினைத்துத்தான் 5 மீட்டர் என்ற அளவையும் நான் அப்படியே பரிந்துரைக்கமாட்டேன். தேனும் தேனீயும் நிறைந்த பெட்டியை இரவில் ஏணிவழி இறக்குவது ஆபத்து. ஆள் நின்று எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே இருந்தாலும் குலங்கள் வரவே செய்கின்றன. தெற்கு நோக்கிய வாசலும் குளிர்நாட்டின் தேவை. நம் வெயிலுக்கு நிழல்தான் முதன்மை. அவ்வாறே, 40 லிட்டர் என்பது ஐரோப்பியத் தேனீக்கு உரியது. உடலிலும் குலத்திலும் சிறிய இந்தியத் தேனீ இதைவிடச் சிறிய பொந்துகளிலேயே வாழ்கிறது என்பதால், நியூட்டன் பெட்டியின் புழு அறையையே (புழுக்கள் வளரும் கீழறையையே) குடிபுகு பெட்டியாகக் கட்டலாம். எறும்பு ஏறாதபடி, தொங்கவிடும் கம்பியில் கிரீஸ் தடவுவதையும் விட்டுவிடக்கூடாது.

மூன்றாவதற்கு மாற்றம் எளிது. முன்மொழியை நிலையாக வைத்துக்கொண்டு குடிபுகு பானை, குடிபுகு புட்டி என்று வழங்கலாம். பொதுப்பெயர் தேவைப்படும் இடத்தில் ‘குடிபுகு கலம்’ என்போம். பட்டியலில் சேர்க்க ஒரு வரைவைத் தருகிறேன்:

குடிபுகு பெட்டி (பெயர்ச்சொல்): பொந்தில் வாழும் தேனீக்களின் பிரிந்த குலமோ வெளியேறிய குலமோ தானே தேர்ந்து குடியேறும்பொருட்டு, தக்க கொள்ளளவும் சிறு வாசலும் அமைத்து, உயரத்தில் நிழலான இடத்தில் வைக்கப்படும் காலிப் பெட்டி. ஒப்பிடுக: கண்காணிப்புப் பொறி.

திருத்தம் இருந்தால் வரைவின் மேலேயே எழுதுங்கள். ‘வேவுத்தேனீ’யைத் தனி இழையில் எடுத்துக்கொள்வோம், ‘சாரணத் தேனீ’ என்ற மாற்றுப் பரிந்துரை ஏற்கெனவே வந்திருக்கிறது, அதற்கும் நியாயம் உண்டு.

அன்புடன்.