சியோலின் சோங்கேச்சோன்: மீட்கப்பட்ட ஓடையா, கட்டப்பட்ட ஓடையா?

கேள்வி: வழிநடை

கடந்த கோடையில் ஒரு வாரம் சியோலில் தங்கியிருந்தேன். வானளாவிய கட்டடங்களையும் நேரம் தவறாத சுரங்க ரயிலையும் எதிர்பார்த்துத்தான் போனேன். அவை எதிர்பார்த்தபடியே இருந்தன. மனத்தில் தங்கியதோ நகரின் நடுவே ஓடும் சோங்கேச்சோன் என்னும் ஓடை. குவாங்வாமுன் என்னும் பழைய அரண்மனை வாயிலுக்கு அருகிலுள்ள சதுக்கத்தில் படி இறங்கியதுமே தெருவின் இரைச்சல் தலைக்கு மேலே நின்றுவிட்டது. வேலை முடிந்து வந்தவர்கள் காலணியையும் காலுறையையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கரைக்கல்லில் அமர்ந்து கணுக்கால் நனையப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடைகற்களுக்கு இடையே ஒரு நாரை, நான் இரண்டு முழம் நெருங்கியும் பறக்காமல், நீரையே பார்த்துக்கொண்டு நின்றது.

1958 முதல் இந்த ஓடையைக் கான்கிரீட்டால் மூடிச் சாலையாக்கினார்கள் என்றும், பிறகு அதற்கும் மேலே மேம்பாலச் சாலை கட்டினார்கள் என்றும், 2003 ஜூலையில் அனைத்தையும் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையைத் திறந்துவிட்டார்கள் என்றும் அங்கே தெரிந்துகொண்டேன். கட்டியதை இடிக்கும் துணிவு ஒரு பெருநகருக்கு இருந்ததே என்று வியந்தேன்.

மூன்றாம் நாள் மாலை மழை தூறத் தொடங்கியதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. பணியாளர்கள் எல்லோரையும் மேலே ஏறச் சொல்லிப் பாதையை அடைத்துவிட்டார்கள். அந்தத் தூறலுக்கு இவ்வளவு அவசரம் ஏன் என்பது புரியவில்லை. அதிலிருந்துதான் மற்ற கேள்விகளும் எழுந்தன. இந்த நீர் எங்கிருந்து வருகிறது? மேம்பாலத்தில் ஓடிய வாகனங்கள் எங்கே போயின? இதனால் இழந்தவர்கள் யார்? ஒரு வாரப் பயணியின் கண்ணுக்குப் பட்டதை மட்டும் நம்பி ஒரு நகரைப் புகழ்வது சரியாகாது என்பதால் கேட்கிறேன்.

மறுமொழி: ஹான்கரை

ஒன்பது ஆண்டுகளாக இந்நகரில் வேலை பார்க்கிறேன். மதிய உணவுக்குப் பிறகு பெரும்பாலும் அந்த ஓடைக்கரையில்தான் நடப்பேன். நீங்கள் பார்த்த நீரில் பெரும்பகுதி தானாக அங்கு வந்து சேர்வதில்லை. பழைய சோங்கேச்சோனே மழைக்காலத்தில் பெருக்கெடுத்து மற்ற மாதங்களில் வற்றிக் கிடந்த ஓடைதான். இப்போது ஹான் ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்த நீரையும், சுரங்க ரயில் நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரையும் குழாய் வழியே மேல்முனைக்கு ஏற்றி, அங்கிருந்து ஓடவிடுகிறார்கள். திறந்தபோது அறிவித்த அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன். நீரேற்றும் எந்திரங்கள் நின்றால் ஓட்டமும் நின்றுவிடும். இது செயற்கை ஓடை என்று சூழலியலாளர்கள் அன்றே குறை கூறினார்கள். அதில் பிழையில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் நீங்கள் பார்த்த நாரைக்கும் அங்கே இரை கிடைக்கிறது என்பதும் உண்மை.

மழை பற்றிக் கேட்டீர்கள். இருபுறச் சுவர்களிலும் வரிசையாக மூடியபடி இருக்கும் கதவுகளைக் கவனித்திருப்பீர்கள். நகரின் பழைய பகுதியில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. மழை ஓரளவைத் தாண்டினால் குழாய் கொள்ளாமல், உள்ளிருந்து வரும் நீர் அந்தக் கதவுகளைத் தள்ளித் திறந்துகொண்டு ஓடைக்குள் பாயும். சுற்றிலும் தார்ச்சாலையும் கட்டடங்களும் இருப்பதால், நீர் மண்ணில் இறங்க வழியின்றி நிமிடக்கணக்கில் மட்டம் உயர்ந்துவிடும். உங்கள் தலைக்கு மேல் தூறலாக இருக்கும்போதே மேற்குப் பகுதியில் கொட்டிக்கொண்டிருக்கலாம். அந்த அவசரத்துக்குக் காரணம் இதுதான்.

இழந்தவர்களைப் பற்றி நீங்கள் கேட்டது எனக்கு நிறைவாக இருக்கிறது. பயணம் வருகிறவர்கள் இதைக் கேட்பது அரிது. அந்தச் சாலையின் இருபுறமும் கருவிகள், விளக்குகள், காலணிகள் விற்கும் சிறுகடைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. கடைக்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுக்கென்று நகரின் தென்கிழக்கில் கார்டன் 5 என்ற பெரிய வணிக வளாகம் கட்டப்பட்டது. ஆனால் அங்கே இடம் வாங்கும் வசதி பலருக்கு இல்லை. நடைபாதை வியாபாரிகளைத் தோங்தேமுன் விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். சில ஆண்டுகளில் அந்த அரங்கையும் இடித்ததால் அவர்கள் மறுபடியும் மூட்டை கட்ட நேர்ந்தது. எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் தோங்தேமுன் டிசைன் பிளாசா 2014 இல் திறக்கப்பட்டது அதே இடத்தில்தான். ஓடையைத் திறந்தது சரியான முடிவு என்பதே என் கருத்து. அதற்கான விலையை யார் தலையில் வைத்தார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம்.

மறுமொழி: தடம்

வாகனங்களைப் பற்றிய பகுதிக்கு மட்டும் எழுதுகிறேன். போக்குவரத்துத் திட்டமிடல்தான் என் தொழில். மேம்பாலமும் கீழே இருந்த சாலையும் சேர்ந்து நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்களைச் சுமந்தன. அவற்றில் ஒரு பகுதி வேறு சாலைகளுக்குப் போனது. ஒரு பகுதி சாலைக்கே வராமல் போயிற்று, ஏனென்றால் அதே காலத்தில் நகரம் தன் பேருந்துகளை அடியோடு மாற்றியமைத்தது. 2004 ஜூலை 1 அன்று வழித்தடங்கள் அனைத்தும் புதிதாக வகுக்கப்பட்டன. நெடுந்தூரத் தடங்களுக்கு நீலம், குடியிருப்புகளை ரயில் நிலையங்களோடு இணைப்பவற்றுக்குப் பச்சை, புறநகர்களுக்குச் சிவப்பு, மையப்பகுதிச் சுற்றுகளுக்கு மஞ்சள் என்று நிறம் பிரித்தார்கள். பெரிய சாலைகளின் நடுவே பேருந்துக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். பேருந்திலிருந்து ரயிலுக்கு மாறினால் மறுபடி முழுக்கட்டணம் கேட்காமல், மொத்தத் தொலைவுக்குச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். இறங்கும்போதும் கட்டண அட்டையைக் காட்ட வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

முதல் சில நாள்கள் பெரும் குழப்பம். அட்டைக் கருவிகள் வேலை செய்யவில்லை, எந்தப் பேருந்து எங்கே போகிறது என்று மக்களுக்குத் தெரியவில்லை, அப்போதைய மேயர் லீ மியுங்-பாக் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. ஆயினும் பின்வாங்காமல் சரிசெய்தார்கள். ஓடையை மட்டும் பார்த்துவிட்டு அந்த நீலப் பேருந்தைப் பார்க்காமல் போனால் இந்தக் கதையில் பாதி விட்டுப்போகும்.

மறுமொழி: தாயுடன்

என் அம்மாவைச் சக்கர நாற்காலியில் அமர்த்தி அழைத்துச் சென்றேன். நாங்கள் போன ரயில் நிலையங்களில் பெரும்பாலும் மின்தூக்கி இருந்தது. ஆனால் அது எந்த வாயிலில் இருக்கிறது என்று தேடுவதற்கே பல முறை தெருவைச் சுற்றிவர நேர்ந்தது. அந்த மின்தூக்கிகளும் எளிதில் வந்தவை அல்ல. 2001 இல் ஓயிதோ நிலையத்தில் சக்கர நாற்காலி ஏற்றும் கருவியில் நேர்ந்த விபத்தில் மாற்றுத்திறனாளி மூதாட்டி ஒருவர் உயிரிழந்த பிறகு எழுந்த போராட்டம்தான் அவற்றின் பின்னணி. 2021 டிசம்பர் முதல் காலை நேர ரயில்களில் ஏறி நடத்திய போராட்டங்கள் வரை அது தொடர்ந்திருக்கிறது.

ஓடைக்கரைக்கு இறங்கப் படிகள் இருந்த அளவுக்குச் சரிவுப்பாதைகள் இல்லை. மேலே ஓடையை ஒட்டிய நடைபாதையோ குறுகலானது, அதன் நடுவிலும் மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் நாற்காலியைச் சாலைக்கு இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. கடைசியில் அம்மா ஒரு பாலத்தின் மேல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கீழே குழந்தைகள் கல் தாண்டுவதை வெகுநேரம் பார்த்திருந்தார். "நீ போய்க் காலை நனைத்துவிட்டு வா" என்றார். நான் போகவில்லை.

வழிநடை

மூவருக்கும் நன்றி. அம்மாவைப் பற்றி எழுதியவரின் வரிகளைப் படித்த பிறகு, நான் இறங்கிய அந்தப் படிகளை வேறு விதமாக நினைத்துப் பார்க்கிறேன். அடுத்த வசந்தத்தில் மறுபடியும் போகும் வாய்ப்பு இருக்கிறது. முதல் ஒரு கிலோமீட்டரோடு திரும்பிவிட்டேன். இம்முறை எதைத் தவறாமல் பார்க்க வேண்டும்?

ஹான்கரை

இரண்டு இடங்களைச் சொல்வேன். தொடக்கத்துக்கு அருகிலேயே குவாங்தோங்கியோ என்ற கல்பாலம் இருக்கிறது. அங்கே பாலத்தைக் கடக்காமல் அடியில் நின்று சுவரைப் பாருங்கள். முகிலும் தெய்வ உருவங்களும் செதுக்கிய கற்கள், சில தலைகீழாக, தெரியும். பழைய கொரியாவை ஆண்ட ஜோசன் மரபின் அரசர் தேஜோங், தமக்குப் பகையான சிற்றன்னை சின்தோக் அரசியின் கல்லறையை நகருக்கு வெளியே மாற்றிவிட்டு, 1410 இல் அங்கிருந்த கற்களைக் கொண்டே இந்தப் பாலத்தைக் கட்டச் செய்தார். சாலைக்கு அடியில் பல பத்தாண்டுகள் புதைந்து கிடந்ததால்தான் அந்தச் செதுக்கல் தேயாமல் இருக்கிறது.

மற்றொன்று கீழ்ப்பகுதியில். நடக்க ஒன்றரை மணி நேரமாவது ஆகும், அங்கே கூட்டமும் இருக்காது. இடித்த மேம்பாலத்தின் தூண்களில் மூன்றை மட்டும் எடுக்காமல் ஓடையின் நடுவே விட்டுவைத்திருக்கிறார்கள். மேல்முனை உடைந்த நிலையிலேயே நிற்கின்றன. மாலை வெயிலில் போங்கள். அவற்றின் நிழல் நீரின் குறுக்கே விழும்.