உபுண்டுவில் சீரியல் போர்ட்: ஒவ்வொரு முறையும் சிஎச்மோட் போடணுமா?

கேள்வி: உபுண்டு லினக்ஸ் 22.04. ஆர்டுயினோ போர்டை (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) மாட்டி அதன் சீரியல் போர்ட்டைத் திறந்தால் அனுமதி மறுப்பு. சிஎச்மோட் 666 (எல்லோருக்கும் படிக்க, எழுத அனுமதி தரும் கட்டளை) போட்டால் சரியாகிறது. கழற்றி மாட்டினால் பழையபடிதான். நிரந்தர வழி?

பதில் 1: கழற்றியதும் அந்தப் போர்ட்டைக் குறிக்கும் சாதனக் கோப்பே போய்விடும், மாட்டும்போது புதிதாக உருவாகும், 666 எப்படி நிற்கும்? அதன் குழு டயலவுட், அனுமதி 660, அதாவது உரிமையாளரும் அந்தக் குழுவில் இருப்பவரும் மட்டுமே படிக்க, எழுத முடியும். யூசர்மாட் கட்டளையில் சின்ன ஏ, பெரிய ஜி இரண்டும் கொடுத்து உங்கள் பயனரை அந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள். சின்ன ஏ விட்டுப்போனால் சூடோ (நிர்வாகி உரிமை தரும் குழு) உட்பட மற்ற குழுக்களிலிருந்து பெயர் நீங்கிவிடும், ஜாக்கிரதை! பிறகு லாக்அவுட் செய்து திரும்ப வாருங்கள். புது டெர்மினல் திறந்தால் போதாது.

பதில் 2: ஆர்ச் லினக்ஸ் என்றால் குழு யூயூசிபி.

பதில் 3: சிஎச்340 சிப் (யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றுவது) உள்ள போர்டில் போர்ட் வந்த வேகத்தில் மறைந்தால் அது அனுமதிச் சிக்கலே இல்லை. பிரெயில் கருவிக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற மென்பொருள் அதைப் பிடித்துக்கொள்கிறது. தேவையில்லாதவர் நீக்கிவிடலாம்.