அக்கா அமெரிக்காவில், நான் சிங்கப்பூரில்: மேலூர் வயலுக்கும் மதுரை வீட்டுக்கும் செட்டில்மென்ட்டா, உயிலா?

வைகைக்கரை:
அப்பாவுக்கு வயது 76, அம்மா இல்லை. கே.கே.நகரில் அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு, மேலூர் தாலுகாவில் 3 ஏக்கர் நஞ்சை, வங்கியில் வைப்புத்தொகை. அக்கா அமெரிக்கக் குடிமகள், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கானது) உண்டு. எனக்குச் சிங்கப்பூரில் வேலை, பாஸ்போர்ட் இந்தியாதான். வயல் அக்காவுக்கு, வீடு இருவருக்கும் பாதிப்பாதி. இரண்டையும் இப்போதே செட்டில்மென்ட் (உயிரோடு இருக்கும்போதே தானமாக எழுதிக்கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடலாம், செலவும் குறைவு என்கிறார் பத்திர எழுத்தர். சரியா?

நஞ்சை_புஞ்சை:
வயலைச் செட்டில்மென்ட் எழுதவே எழுதாதீர்கள். ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியரும் (என்ஆர்ஐ) ஓசிஐக்காரரும் விவசாய நிலத்தை வாங்கவும் கூடாது, தானமாகப் பெறவும் கூடாது. வாரிசாக அடையலாம்; உயில் வழியாக வந்தாலும் அது வாரிசுரிமைதான். பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லாம் சரி என்று நம்பி விடுவார்கள். பின்னால் விற்ற பணத்தை வெளியே அனுப்ப வங்கிக்குப் போகும்போதுதான், நிலம் எப்படி வந்தது என்ற கேள்வி எழும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். பதிவும் கட்டாயமில்லை, ஆனால் வாரிசுகள் ஊரில் இல்லாத வீட்டில் கட்டாயம் பதிந்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர்: அப்பாவைவிட இளையவர்கள், சொத்தில் பங்கில்லாதவர்கள். சர்வே எண், உட்பிரிவு, பரப்பு மூன்றும் பட்டாவில் உள்ளபடியே இருக்கட்டும். உயிலை நிறைவேற்றுபவராக மதுரையிலேயே இருக்கும் ஒருவரைப் போடுங்கள். பட்டா மாற்றத்துக்கு அலைய ஆள் வேண்டும்.

சொக்கிகுளம்_ஆடிட்டர்:
வீட்டுக்குச் செட்டில்மென்ட் செல்லும். பெற்ற பிள்ளைகளுக்கு முத்திரைக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. எழுத்தர் சொன்ன அந்தக் கணக்கு சரி. ஆனால் அக்கா வரி கட்டுவது அமெரிக்காவிலும் சேர்த்து.

தானமாக வந்த சொத்தை விற்றால், அப்பாவின் பழைய அடக்கவிலையிலிருந்துதான் (அவர் வாங்கிக் கட்டிய செலவு) அங்கே லாபம் கணக்கிடுவார்கள். இறப்புக்குப் பின் வந்ததென்றால், இறந்த நாளின் சந்தை மதிப்பே அடக்கவிலை. அக்கா பங்கின் பழைய அடக்கம் 4 லட்சம், இறந்த நாள் மதிப்பு 60 லட்சம், விற்றது 63 லட்சம் என்று வையுங்கள். உயில் வழியில் லாபம் 3 லட்சம்; செட்டில்மென்ட் வழியில் 59 லட்சம். இந்தியாவில் இரண்டு வழியிலும் அப்பாவின் அடக்கம்தான், 1.4.2001க்கு முன் வாங்கியதென்றால் அன்றைய மதிப்பை எடுக்கலாம், வழிகாட்டி மதிப்புக்கு மேல் போகாமல். என்ஆர்ஐக்கு லாபத்தில் 12.5 சதவீதம் வரி, அடக்கத்தைப் பணவீக்கத்துக்கேற்ப உயர்த்திக்கொள்ள முடியாது. ஆகவே வீடும் உயிலிலேயே இருக்கட்டும். அப்பா காலத்துக்குப் பின், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் இறந்த தேதிக்கான அறிக்கையை உடனே வாங்குங்கள். வருடங்கள் கழித்துத் தேடினால் ஆதாரம் மெலிந்துபோகும்.

அக்காவுக்குத் தானமாகவோ வாரிசாகவோ ஒரே ஆண்டில் 1 லட்சம் டாலருக்கு மேல் வந்தால் அமெரிக்க வரித்துறையில் படிவம் 3520 தாக்கல் செய்ய வேண்டும். வரி இல்லை, தகவல் மட்டும். விட்டால் அபராதம் மாதம் 5 சதவீதம், 25 வரை ஏறும். வசதிக்காக அப்பாவின் வைப்பில் அக்கா பெயரைக் கூட்டாகச் சேர்த்திருக்கிறீர்களா? அவருடைய வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அந்த வைப்பையும் எஃப்பார் என்ற அமெரிக்க வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையில் காட்ட வேண்டும்.

வைகைக்கரை:
நன்றி ஐயா. கூட்டுப் பெயர் இருக்கிறது, அக்காவிடம் சொல்கிறேன். பிற்பாடு வயலை அக்கா எனக்கே கொடுத்துவிடலாமா?

நஞ்சை_புஞ்சை:
நீங்கள் சிங்கப்பூரில் வசிக்கும்வரை முடியாது தம்பி. விவசாய நிலத்தை அவர் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டுமே விற்கவோ கொடுக்கவோ முடியும்.

வெளியாருக்கு விற்பதானால் தூரத்தைப் பாருங்கள். மேலூர் நகராட்சி எல்லையிலிருந்து நேர்கோட்டில் 2 கிலோமீட்டரும் மதுரை மாநகராட்சியிலிருந்து 8 கிலோமீட்டரும் தாண்டியிருந்தால் இங்கே மூலதன ஆதாய வரி இல்லை. அமெரிக்காவில் அந்த விலக்கு கிடையாது, இங்கே வரி கட்டாததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இராது. அதனால் வீட்டுக்குப் போலவே வயலுக்கும் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும்.

விற்ற பணம் என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் வசிப்பவர் இந்திய வரவுக்கு வைக்கும் ரூபாய்க் கணக்கு) விழும். நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். இறப்புச் சான்று, உயில், கிரயப் பத்திரம், ஆடிட்டர் சான்று நான்கையும் வங்கி கேட்கும்.

அக்கா வர முடியாமல் பவர் கொடுத்தால், அங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு தரும் சான்று) வாங்கட்டும். தாள் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைக் கட்டணம் செலுத்திவிட வேண்டும். அப்பா இப்போது யாருக்காவது பவர் கொடுத்திருந்தால், அது அவர் ஆயுளோடு முடிந்துவிடும். அதை வைத்துப் பின்னால் எதையும் விற்க முடியாது.