குழந்தைக்கு உரைமருந்து, கசாயம் கொடுத்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கல்மண்டபம் பொண்ணு:

உரைமருந்து செட் (ஜாதிக்காய், கடுக்காய், சுக்கு, வசம்பு மாதிரி, கல்லில் இழைத்துக் குழந்தைக்குக் கொடுப்பது) எல்லார் வீட்டிலும் இருக்கும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். மகளுக்கு அப்போது இரண்டரை மாதம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் பத்து, பத்தரை வரை ஓயாத அழுகை. வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட். எங்கள் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இருமினாலே கேட்கும், இவள் அழுகை கேட்காதா? மாமியார் ஊருக்குப் போகும்போது உரைகல்லைக் கையில் கொடுத்து, "தாய்ப்பால் ரெண்டு சொட்டு வுட்டு எல்லாத்தையும் ஒரு சுத்து இழை, ஜாதிக்கா மட்டும் அர சுத்து" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அன்றைக்கு நான் அரை சுற்றோடு நிறுத்தவில்லை. எத்தனை சுற்று என்று எண்ணவும் இல்லை. கல்லில் பழுப்பாகத் திரண்டு வந்தது, வாசனை மூக்கைத் துளைத்தது. பாலாடையில் வழித்து ஊற்றினேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுங்கினாள். அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டாள். நானும்தான்.

விழித்தபோது மணி நாலேகால். பால் கட்டி ரவிக்கை நனைந்த வலிதான் எழுப்பியது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாலுக்கு எழும் குழந்தை, ஒன்பது மணியிலிருந்து அசையவில்லை. அவள் கையைத் தூக்கிப் பார்த்தேன். விட்டேன். ஈரத்துணி மாதிரி விழுந்தது. உள்ளங்காலைச் சுண்டினேன், கண்ணைத் திறக்காமல் லேசாக முனகினாள், அவ்வளவுதான்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ட்யூட்டி டாக்டர் சின்னப் பெண். என்ன கொடுத்தீர்கள் என்றார். பால் மட்டும்தான் என்று பொய் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து குழந்தையின் வாயை முகர்ந்து பார்த்தார். "ஜாதிக்காயா?" என்றார். திட்டும் குரல்கூட இல்லை, தினமும் கேட்கிற கேள்வி மாதிரி கேட்டார். இன்னும் காதிலேயே இருக்கிறது. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். மகள் இப்போது மூன்றாவது படிக்கிறாள். மாமியாரிடம் இதுவரை சொல்லவில்லை.

*

தண்டையார்பேட்டை ஆயா:

கண்ணு, உன் மாமியார் அர சுத்துன்னு சரியாத்தான் சொல்லியிருக்கிறார். தப்பு ஜாதிக்காயில் இல்லை. செட்டை வாங்கி வந்து அப்படியே இழைக்கிறார்கள், அதுவே முதல் தப்பு. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் துணியில் முடிந்து, சோறு வடிக்கிற பானையில் போட்டு வேகவைத்து, வெயிலில் சுருங்கக் காயவைக்க வேண்டும். வசம்பை விளக்கெண்ணெய் தடவி விளக்கில் கரியாகச் சுட வேண்டும். எங்கள் வீட்டில் ராத்திரியில் அதன் பேரைக்கூடச் சொல்ல மாட்டோம், "பேர் சொல்லாதது" என்போம். எதுக்களித்தால் அந்தக் கரியைத் தொப்புளைச் சுற்றித் தடவினால் போதும். அஞ்சு பிள்ளை, ஒன்பது பேரப் பிள்ளை இப்படித்தான் வளர்ந்தார்கள். இப்போது கேட்டால் எல்லாம் விஷம் என்கிறார்கள்.

என் கதை என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கடைசிப் பேரனுக்கு ஏழு மாதம், சளி. மாடியில் பெயின்ட் டப்பாவில் கற்பூரவல்லி வைத்திருக்கிறேன். நாலு இலையைத் தோசைக்கல்லில் வாட்டிப் பிழிந்து, தேன் விட்டு நாக்கில் தடவினேன். மூன்று நாள் கொடுத்தேன். நாலாம் நாள் மருமகள் குழந்தையின் சட்டையைத் தூக்கி, "இங்க பாருங்க அத்தை" என்று காட்டினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே பள்ளம் விழுந்து எழுகிறது. நானும் மூன்று நாளாய் அந்த நெஞ்சில்தான் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன், சட்டைக்குள்ளே கையை விட்டுத் தடவினேனே ஒழிய, சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை. நிமோனியா. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். டாக்டர் கற்பூரவல்லிக்கு ஒன்றும் சொல்லவில்லை, தேனுக்குத்தான் கத்தினார்.

*

கொடுங்கையூர் ரெப் (மருந்து லைனில் 19 வருடம்):

ஆயா, கோபித்துக்கொள்ளாதீர்கள், டாக்டர் கத்தியதில் நியாயம் இருக்கிறது. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைச் சுரக்கும், கை கால் துவண்டு, மூச்சுத் தசையே வேலை செய்யாமல் போகலாம். பொட்டுலிசம் என்று பெயர். சூடு பண்ணினாலும் அந்த வித்து சாகாது. ஒரு வயது தாண்டிய பிறகு இருமலுக்குத் தேன் நல்லதுதான், அதை டாக்டர்களே சொல்கிறார்கள்.

வசம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1968லேயே அதை உணவில் சேர்க்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். பீட்டா அசரோன் என்று அதில் ஒரு ரசாயனம், எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் கட்டி வந்தது. தொப்புளில் தடவுவது வேறு, வாயில் ஊற்றுவது வேறு. இப்போது வசம்பு வளையல் என்று கையில் கட்டுகிறார்கள். குழந்தை நாள் முழுக்க அதைத்தான் சப்பிக்கொண்டிருக்கிறது.

என் அனுபவம் சின்னது. போன கோடையில் குழாயில் சாக்கடை வாசத்தோடு தண்ணீர் வந்த வாரம், என் பையனுக்கு பேதி. அம்மா மாதுளம் தோல் கசாயம் வைத்துக் கொடுத்தார். நின்றதா என்று கேட்டால், ஐந்தாம் நாள் நின்றது. பெரும்பாலும் எல்லாருக்கும் ஐந்தாறு நாளில் நிற்கும்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பேதியில் குழந்தையைக் கொல்வது தண்ணீர் வற்றுவதுதான். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று அச்சடித்திருக்கும். ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும், கால் பாக்கெட்டை டம்ளரில் போட்டு உத்தேசமாகக் கலக்கக் கூடாது. இரண்டு வயதுக்குள் இருந்தால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200. ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி. கரைத்தது 24 மணி நேரம்தான், மீதியைக் கொட்டிவிடுங்கள். கூடவே ஜிங்க் 14 நாள், தினமும் ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதற்கு மேல் 20. பேதி நின்ற பிறகும் 14 நாளை முடிக்க வேண்டும், பாதியில் விடுகிறவர்கள்தான் அதிகம். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கண் உள்ளே போய், அழுதால் கண்ணீர் வராமல், மூத்திரமும் குறைந்தால் கசாயம் வைக்க நேரமில்லை, கிளம்புங்கள்.

அப்புறம் சளிக்கு. குழந்தை தூங்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள், போன் டைமர் போதும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலே டாக்டர். ஆயா சொன்ன அந்தப் பள்ளம் விழுந்தால் எண்ணவும் வேண்டாம்.

*

கல்மண்டபம் பொண்ணு:

அண்ணா, அனுபவம் கேட்டால் புத்தகமே போட்டுவிட்டீர்கள். ஆனால் மூச்சு எண்ணுவதை எழுதி பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

*

திருவொற்றியூர் தாத்தா:

இதுவரை எங்கேயும் சொன்னதில்லை. பேத்திக்கு ஒன்றேகால் வயது. மூக்கடைப்பு. தேங்காய் எண்ணெயைச் சுடவைத்து சூடத்தைப் போட்டுக் கரைத்து நெஞ்சில் தடவுவது எங்கள் வீட்டுப் பழக்கம், என் ஆயா எனக்குத் தடவியதுதான். எண்ணெயைக் காய்ச்சப் போனேன். சூட டப்பா மூடாமல் பாயில் இருந்தது. திரும்பி வந்தால் வாயில் வைத்து மென்றுகொண்டிருக்கிறாள், வெள்ளையாக எச்சில் வழிகிறது. கோயில் பிரசாதம் தின்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

விரலை விட்டுத் தோண்டினேன். வீட்டில் உப்புத் தண்ணீர் கரைத்துக் கொடு, வாந்தி எடுக்கட்டும் என்றார்கள். கரைப்பதற்குள் கண் மேலே சொருகி, பல்லைக் கடித்து, கை கால் வெட்டி இழுத்தது. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு 108க்கு போன் போடுகிறேன், அவள் வாயிலிருந்து கற்பூர ஆரத்தி வாசனை வருகிறது. வண்டியில் வந்த தம்பி, வாயில் எதையும் ஊற்றவில்லையே என்றுதான் முதலில் கேட்டான். வலிப்பு வருகிற பிள்ளைக்கு வாந்தி எடுக்க வைத்தால் நுரையீரலுக்குப் போய்விடுமாம். பிழைத்துக்கொண்டாள், நன்றாக இருக்கிறாள். வெள்ளிக்கிழமை வீட்டில் சூடம் ஏற்றினால் நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். சாமி மேல் கோபம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

*

பெரம்பூர் சித்த மருந்துப் பிரியன்:

பெரியவரே, வருத்தமாக இருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், சூடம் மூலிகை இல்லை. கடையில் விற்கும் சூடம் பெரும்பாலும் டர்பன்டைனிலிருந்து ஆலையில் செய்வது. அதை நாட்டு மருந்துக் கணக்கில் சேர்த்தால் சித்த மருத்துவத்துக்குத்தான் கெட்ட பெயர். கஷாயம் வேண்டும் என்றால் அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது, தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, படித்த டாக்டர் நாடி பார்த்து வயதுக்குத் தகுந்த அளவு எழுதிக் கொடுப்பார். டெங்கு சமயத்தில் தெருத்தெருவாக நிலவேம்புக் குடிநீர் ஊற்றினார்களே, ஒன்பது சரக்கு சேர்ந்தது, அதையும் சின்னக் குழந்தைக்கு அண்டாவிலிருந்து டம்ளர் டம்ளராகவா கொடுப்பது? வீட்டில் அளவு தெரியாமல் கொடுத்துவிட்டு மருத்துவத்தைத் திட்டுகிறோம்.

என்னுடையது? கைக்குழந்தைக்குப் பூச்சிக்கு என்று பக்கத்து வீட்டில் வேப்பெண்ணெய் ஒரு ஸ்பூன் கொடுக்கப் போனார்கள், பிடுங்கிக் கொட்டினேன். உள்ளே போனால் வலிப்பு வரும், ஈரல் கெடும். அதற்குப் பிறகு அவர்கள் என்னோடு பேசுவதில்லை.

*

திருவொற்றியூர் தாத்தா:

மூலிகையா இல்லையா என்பதை நான் அப்போது கேட்கவில்லை தம்பி.

*

காசிமேடு அக்கா:

எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள், நான் ஒரு நல்லதைச் சொல்கிறேன். எனக்கு ஆறு வயதில் அம்மை போட்டது. ஆயா தரையில் வேப்பிலை பரப்பி அதன் மேல் வேட்டித் துணி போட்டுப் படுக்க வைத்தது. வாசலில் கொத்து செருகியாயிற்று, யாரும் உள்ளே வரக் கூடாது, வீட்டில் மீன் கிடையாது (காசிமேட்டில் பத்து நாள் மீன் இல்லாத வீடு எங்களுடையது மட்டும்தான்). அரிப்பு தாங்காமல் ராத்திரி அழுவேன். ஆயா தூங்காமல் உட்கார்ந்து, வேப்பங்கொத்தால் முதுகை மெல்ல வருடிக்கொண்டே இருக்கும். நகத்தால் சொறிந்திருந்தால் இன்றைக்கு முகமெல்லாம் தழும்பு. மூணாம் தண்ணி ஊற்றிய அன்றைக்கு அந்த மஞ்சள் தண்ணீர் இளஞ்சூடாகத் தலையில் விழுந்தது இன்னும் நினைவிருக்கிறது.

போன வருடம் என் பையனுக்குப் போட்டது. டாக்டரிடமும் காட்டினேன், வேப்பிலையும் போட்டேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், ஆஸ்பிரின் தொடவே கூடாது என்றார். ராத்திரி கொத்தை எடுத்து அவன் முதுகில் வருடினேன். "தூங்கவுடும்மா, கூசுது" என்று பிடுங்கி எறிந்தான்.

*

ராசப்ப செட்டி தெருக்காரன்:

நாட்டு மருந்துக் கடையில் 22 வருடமாக நிற்கிறேன், வீடு கொருக்குப்பேட்டை. மேலே எல்லாம் படித்தேன். முன்பெல்லாம் பாட்டிமார்கள் வந்து கடுக்காயைக் கையில் உருட்டிப் பார்த்து, ஜாதிக்காயை நகத்தால் கீறி மோந்து பார்த்து வாங்குவார்கள். இப்போது போனில் வீடியோவைக் காட்டி, "இதுல சொல்றதெல்லாம் குடுங்கண்ணா" என்கிறார்கள். எத்தனை மாதக் குழந்தை என்று கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது.

போன ஐப்பசியில் நல்ல மழை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன். ஒரு பையன் குனிந்து உள்ளே வந்தான், இருபத்தைந்து வயது இருக்கும், நனைந்திருந்தான். கீழாநெல்லிப் பொடி வேண்டும் என்றான். யாருக்கு என்றேன். போனைத் துடைத்து போட்டோவைக் காட்டினான். பிறந்து ஒன்பது நாள் குழந்தை. கண்ணின் வெள்ளை, மஞ்சள் கரு மாதிரி இருந்தது. போர்வையிலிருந்து பாதம் வெளியே தெரிந்தது, அதுவும் மஞ்சள்.

கீழாநெல்லி பெரியவர்களின் காமாலைக்குக் கேட்டு வருவார்கள், பச்சைக் குழந்தையின் மஞ்சள் வேறு, லைட்டில் வைக்க வேண்டும், பாதம் வரை வந்துவிட்டால் மூளைக்கு ஏறிவிடலாம், இப்போதே கொண்டு போ என்று சொன்னேன். என் தங்கை குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் நீல லைட் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். தலையாட்டினான். "காலையில போயிடறோம்ணா. மழை ஊத்துது, வூட்ல பெரியவங்க நிக்கிறாங்க. ராத்திரிக்கு மட்டும் குடுங்க." ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டினான்.

பத்து ரூபாய்ப் பொட்டலம். மடித்துக் கொடுத்துவிட்டேன்.

கல்லாவில் சில்லறை தேடித் திரும்புவதற்குள் போய்விட்டான். ஷட்டருக்கு வெளியே குனிந்து பார்த்தேன், தண்ணீர் கணுக்கால் வரை ஓடுகிறது, ஆளைக் காணோம். நாற்பது ரூபாயை ஒரு பொட்டலக் காகிதத்தில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறேன். இன்னும் வாங்க வரவில்லை. ஷட்டர் பாதி இறக்கின பிறகு யாராவது குனிந்து உள்ளே வந்தால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் முகத்தைத்தான் பார்க்கிறேன்.