'ரீட் தி ரையட் ஆக்ட்' என்றால் வெறும் திட்டா?

மழைத்துளி:
மீட்டிங் முடிந்து வெளியே வந்ததும் கூட வேலை பார்ப்பவர், "மேனேஜர் நமக்கு ரையட் ஆக்ட் வாசிச்சுட்டாரு" என்றார். திட்டினார் என்பது புரிகிறது. ஆனால் 'ரையட் ஆக்ட்' என்றால் கலவரச் சட்டம் ஆயிற்றே, கலவரத்துக்கும் திட்டுக்கும் என்ன சம்பந்தம்? அப்படி ஒரு சட்டம் நிஜமாகவே இருந்ததா? தமிழில் 'டோஸ் விட்டார்' என்று எழுதினால் சரியாக வருமா?

கருப்பு அங்கி:
இருந்தது, அதை நிஜமாகவே வாசித்தார்கள். 1714இல் முதலாம் ஜார்ஜ் பிரிட்டனின் மன்னரானதும் அவரை ஏற்காதவர்கள் ஊர் ஊராகக் கலவரம் செய்தார்கள், அதை அடக்க வந்த சட்டம் இது, 1715 ஆகஸ்ட் 1 முதல் அமல். 12 பேரோ அதற்கு மேலோ கூடிக் கலாட்டா செய்தால் மாஜிஸ்திரேட்டோ மேயரோ அங்கேயே போய், மன்னர் பெயரால் கலைந்து போகச் சொல்லும் வாசகத்தை உரக்கப் படிக்க வேண்டும். சின்ன வாசகம்தான். படித்து ஒரு மணி நேரம் கழித்தும் 12 பேர் கலையாமல் நின்றால் அது மரண தண்டனைக்குரிய குற்றம். கலைக்கும்போது கூட்டத்தில் யாராவது செத்தாலும் கலைத்தவர்கள் மேல் வழக்கு கிடையாது! வாசகம் 'கடவுள் மன்னரைக் காப்பாராக' என்று முடியும், அந்த ஒரு வரியைப் படிக்காமல் விட்டதற்காகவே தண்டனை ரத்தான வழக்கும் உண்டு.

1819இல் மான்செஸ்டரில், செயின்ட் பீட்டர்ஸ் ஃபீல்டில், நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுப் பல்லாயிரம் பேர் கூடினார்கள், அவர்கள் மேல் குதிரைப்படையை ஏவிவிட்டார்கள். சட்டத்தை வாசித்தோம் என்றார்கள் மாஜிஸ்திரேட்டுகள், எங்கள் காதில் எதுவும் விழவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். மைக் இல்லாத காலத்தில் அத்தனை பெரிய கூட்டத்தில் ஒருவர் படித்தால் யாருக்குக் கேட்கும்? இதை நினைத்தாலே மனசு ஆறமாட்டேன் என்கிறது. 1973இல்தான் இந்தச் சட்டத்தை முழுசாக நீக்கினார்கள்.

தாழ்வாரம்:
மேலே சொன்னதிலேயே உங்கள் மொழிபெயர்ப்புக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. முதலில் எச்சரிக்கை, அப்புறம் கெடு, அதற்குப் பிறகுதான் தண்டனை. 'டோஸ் விட்டார்', 'காய்ச்சி எடுத்துவிட்டார்' எல்லாம் நடந்து முடிந்த தப்புக்குக் கிடைப்பது, அதில் இந்தக் கெடு இல்லை. நான் எழுதினால் 'கறாராக எச்சரித்துவிட்டார்' என்பேன். அப்பா பையனிடம் "இன்னொரு தடவை பத்து மணிக்கு மேல வந்தா கதவு திறக்காது" என்கிறாரே, அதுதான் இது.

மழைத்துளி:
ரொம்ப நன்றி. 'கறாராக' பொருந்துகிறது, மேனேஜர் குரலையே உயர்த்தவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் முடியாவிட்டால் வேலையை வேறு டீமுக்குக் கொடுத்துவிடுவேன் என்று மட்டும்தான் சொன்னார்.